வாட் நம்பரை விடுங்க, ஜாரைப் பாருங்க: விட்டாமிக்ஸ், பிளெண்ட்டெக், நிஞ்சா ஒரு அலசல்

ஹை பவர் பிளெண்டர் வாங்கணும்னு தேட ஆரம்பிச்சாலே முதல்ல கண்ணுல படுறது நம்பர்தான், 2 ஹெச்பி, 3 ஹெச்பி, 1400 வாட், 1800 வாட்னு வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, பாக்குறவங்களும் பெரிய நம்பர் எதுல இருக்கோ அதுதான் பெஸ்ட்னு முடிவு பண்ணிடுறாங்க. இந்த ரேஞ்சுக்கு வந்துட்டா மோட்டார் பவர் எல்லாத்துலயும் ஓரளவு போதுமானதாதான் இருக்கும், வித்தியாசம் தெரியுறது ஜாரோட வடிவத்துலயும் நீங்க ஒரு தடவைக்கு எவ்வளவு போடுறீங்க, எவ்வளவு கெட்டியா அரைக்கிறீங்கங்கிறதுலயும்தான். இதை யோசிக்காம வாங்கினவங்கதான் அப்புறம் இவ்வளவு காசு குடுத்தும் சரியா அரைய மாட்டேங்குதேனு புலம்புறாங்க.

முதல்ல அந்த ஹெச்பி கதையை முடிச்சுடலாம். 1 ஹெச்பி அப்படின்னா 746 வாட், அப்ப 3 ஹெச்பினா கிட்டத்தட்ட 2240 வாட் வரணும். ஆனா 120 வோல்ட் சப்ளை இருக்குற நாட்டுல ஒரு சாதாரண 15 ஆம்பியர் லைன் தர முடிஞ்சதே 1800 வாட்தான். அப்புறம் எப்படி 3 ஹெச்பி? பெட்டியில "பீக்"னு ஒரு வார்த்தை சேர்த்திருப்பாங்க பாருங்க, மோட்டார் கிளம்புற அந்த ஒரு நொடியில எட்டுற உச்சம் அது, தொடர்ந்து ஓடும்போது கிடைக்கிறது இல்ல. பிளெண்ட்டெக் கிளாசிக் 575-ல 3 பீக் ஹெச்பினு இருக்கும், கூடவே 1560 வாட்னும் இருக்கும், ரெண்டும் ஒரே மெஷின்தான். விட்டாமிக்ஸ் 5200-ல 2 பீக் ஹெச்பி, அதே கம்பெனியோட அசென்ட் வரிசையில 2.2 பீக் ஹெச்பி. காகிதத்துல 3-க்கும் 2-க்கும் பெரிய தூரம் மாதிரி தெரியும், ஆனா ஜார்ல அரைச்சு பார்த்தா அந்த தூரம் தெரியாது, கெட்டியான சாமான்ல விட்டாமிக்ஸ்தான் முன்னாடி நிக்கும். ஏன்னு சொல்றேன்.

பிளெண்டருக்குள்ள உண்மையில நடக்குறது ஒரு சுழல். பிளேடு சாமானை வெளிப்பக்கமா எறியுது, அது சுவர்ல மோதி மேல ஏறி நடுவுல திரும்ப பிளேடு மேலயே வந்து விழுது, இந்த சுத்து நிக்காம நடந்தா எல்லாமே திரும்ப திரும்ப பிளேடுக்கு வந்து வழவழனு ஆயிடும். கெட்டியான சாமான் போட்டா என்ன ஆகும்னா பிளேடை சுத்தி ஒரு காத்துக்குமிழி உக்காந்துக்கும், பிளேடு அந்த காத்துக்குள்ளயே சும்மா சுத்தும், மேல இருக்குறது அசையாம அப்படியே நிக்கும், மோட்டார் சத்தம் மட்டும் திடீர்னு மாறி கிரீச்னு ஏறும். அந்த இடத்துல எத்தனை வாட் இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, பிளேடுக்கு சாமான் போய் சேரவே இல்லையே. இந்த ஒரு பிரச்சினையை மூணு கம்பெனியும் மூணு விதமா தீர்க்குறாங்க, நீங்க எதை வாங்கணுங்கிறது முக்கால்வாசி இதுலயே முடிவாயிடும்.

விட்டாமிக்ஸ் கையில ஒரு குச்சியை குடுத்துடுறான், டாம்பர்னு சொல்வாங்க, மூடியில இருக்குற ஓட்டை வழியா விட்டு ஓடும்போதே குத்தி தள்ளலாம், மூடி போட்டிருக்கும்போது பிளேடு வரைக்கும் எட்டாத அளவுலதான் செஞ்சிருப்பாங்க (அந்தந்த ஜாருக்கு அதோட டாம்பர்தான், மாத்தி போட்டா பிளேடுல பட்டுடும், இதுல கவனம்). பார்க்க பழைய காலத்து ஏற்பாடு மாதிரி இருக்கும், ஆனா பாதாம் வெண்ணெய், வேர்க்கடலை வெண்ணெய், உறைஞ்ச பழத்தை மட்டும் போட்டு செய்யிற ஐஸ்கிரீம் மாதிரி ஐட்டம், தண்ணியே விடாத டிப், இதுக்கெல்லாம் இதை விட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல. நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி அழுத்தினா அந்த காத்துக்குமிழி உடைஞ்சு திரும்ப சுழல் பிடிச்சுக்கும், சத்தத்துலயே தெரிஞ்சுடும், கிரீச்னு இருந்தது கீழ இறங்கி கனமா மாறும்.

பிளெண்ட்டெக் எதிர் வழியில போனாங்க, ஆளு நிக்கவே வேண்டாம்னு. ஜார் வட்டமா இல்லாம சதுரமா இருக்கும், வைல்ட்சைட்னு அவங்க விக்கிற பெரிய ஜார்ல அஞ்சாவதா ஒரு சின்ன சுவரும் இருக்கும், சுழல் ஒரே சீரா ஓடினா காத்து மாட்டிக்கும்ல, அதை கலைச்சு விடத்தான் அந்த சுவர். பிளேடு ரெண்டே இறக்கை, தடிமனா, தொட்டா வெட்டாத அளவுக்கு மொட்டையா இருக்கும். கழுவும்போது பயமே இல்ல, சின்ன பசங்க இருக்குற வீட்டுல இது பெரிய நிம்மதி. பட்டனை அமுக்கினா ஸ்மூத்திக்கு, சூப்புக்கு, ஐஸ்கிரீமுக்குனு தனித்தனி புரோகிராம் தானா ஓடி தானா நிக்கும். தண்ணி சேர்ந்த எல்லாத்துலயும் பிரமாதம், இலை, தோல், விதை எதுவும் மிச்சம் இல்லாம போயிடும். ஆனா கெட்டி ஐட்டத்துக்கு வைல்ட்சைட் ஜார் திணறும், அதுக்குனு ட்விஸ்டர்னு ஒரு சின்ன ஜார் தனியா விக்கிறாங்க, மூடியை கையால திருப்பினா உள்ள இருக்குற பல்லு சுவர்ல ஒட்டுறதை வழிச்சு கீழ தள்ளும். நல்லாவே வேலை செய்யும், ஆனா கொள்ளளவு கம்மி, தனியா காசு குடுத்து வாங்கணும், அதையும் கணக்குல சேர்த்துதான் விலையை ஒப்பிடணும். இன்னொண்ணு, வைல்ட்சைட் ஜார் பார்க்க பிரம்மாண்டமா இருக்கும், மொத்தம் 90 அவுன்ஸ்னு போட்டிருப்பாங்க, ஆனா அரைக்கிறதுக்கான கோடு 36 அவுன்ஸ்லயே நின்னுடும், அதாவது ஒரு லிட்டருக்கு கொஞ்சம் மேல. மேல காலியா இருக்குற இடம் சுழலுக்கு வேணும்.

இந்த கம்பெனியோட பேர் பரவினதே 2006-ல ஆரம்பிச்ச "வில் இட் பிளெண்ட்" வீடியோவாலதான், நிறுவனர் டாம் டிக்ஸன் கோட்டு மாட்டிக்கிட்டு ஐபோனை எல்லாம் ஜார்ல போட்டு பொடியாக்குவாரு. மோட்டாரும் பிளேடும் எவ்வளவு உறுதினு காட்ட அது சரியான வழிதான், ஆனா நமக்கு வேண்டியது வேற, ஒரு கைப்பிடி கீரையும் கொஞ்சம் பழமும் நாக்குல திப்பி தட்டாம வருதாங்கிறது, அது அந்த வீடியோல தெரியாது.

நிஞ்சா மூணாவது வழி. ஒரு நீளமான தண்டுல கீழ இருந்து மேல வரைக்கும் ஆறு கத்தி அடுக்கி வச்சிருப்பாங்க, சாமான் கீழ வரலைனா என்ன, கத்தியே மேல போகுதுனு ஒரு ஐடியா. ஐஸ் உடைக்க இதை அடிக்க ஆளே இல்ல, சில நொடியில ஜார் முழுக்க பஞ்சு மாதிரி தூளாயிடும், இதுல நான் விட்டாமிக்ஸை விட நிஞ்சாவுக்குதான் மார்க் போடுவேன். விலையும் மத்த ரெண்டையும் விட ரொம்ப கம்மி. ஆனா கத்தி கூர்மையில வேலை செய்யிது, மத்த ரெண்டும் வேகத்துல வேலை செய்யிது, இதுதான் வித்தியாசம். விட்டாமிக்ஸ், பிளெண்ட்டெக் பிளேடோட முனை மணிக்கு சில நூறு கிலோமீட்டர் வேகத்துல போகும், மொட்டையா இருந்தாலும் மோதியே நசுக்கிடும், அதனால வருஷக்கணக்கா அதே மாதிரி அரைக்கும். நிஞ்சாவுல நார் இருக்குற கீரை, பெர்ரி விதை இதெல்லாம் முழுசா போகாது, கிளாஸ் அடியில கொஞ்சம் நிக்கும், கொட்டை வெண்ணெய் அந்த பெரிய ஜார்ல நடக்காத காரியம். சூடான சாமான் போடாதீங்கனு அதோட நிறைய மாடல்ல கையேட்டுலயே எழுதியிருப்பாங்க, சூப்பு செய்யிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் கையேட்டை ஒரு தடவை பார்த்துடுங்க.

அந்த கத்தித் தண்டு ஜாரோட ஒட்டி இருக்காது, சும்மா நிக்கும், மூடியை எடுத்துட்டு சாய்ச்சு ஊத்தினா தண்டோட வெளிய விழும். 2015-ல அமெரிக்காவுல பிஎல்660 வரிசைக்கு இந்த வெட்டுக்காய ஆபத்துக்காகவே ரீகால் அறிவிச்சு புது எச்சரிக்கை குறிப்பு குடுத்தாங்க. மூடியை மாட்டியே ஊத்தணும், இல்லனா தண்டை முதல்ல எடுத்து வச்சுட்டு ஊத்தணும், வீட்டுல யார் யார் கை வைப்பாங்களோ எல்லாருக்கும் இதை சொல்லி வச்சுடுங்க. விட்டாமிக்ஸும் இதுல விலக்கு இல்ல, அசென்ட், வென்ச்சரிஸ்ட் மாடலுக்கான 8 அவுன்ஸ், 20 அவுன்ஸ் கப்புகளை 2018-ல திரும்ப கூப்பிட்டாங்க. மூடின சின்ன கப் எந்த பிராண்டா இருந்தாலும் சூடானதை போட்டு ஓட்டவே கூடாது, உள்ள ஆவி அழுத்தம் ஏறி திறக்கும்போது முகத்துல அடிக்கும்.

இப்ப விட்டாமிக்ஸ் எடுக்கலாம்னு முடிவு பண்ணினவங்களுக்கு அடுத்த குழப்பம், எந்த ஜார். இங்கதான் ரொம்ப பேர் தப்பான மாடலுக்கு போறாங்க. அசென்ட்ல வர்ற 64 அவுன்ஸ் அகலமான குட்டை ஜார் சமையலறை மேல்தட்டுக்கு கீழ அழகா நிக்கும், மொத்த உயரமே 17 இன்ச்தான். ஆனா அடி அகலம், பிளேடும் 4 இன்ச், அதனால பிளேடை மூடுற அளவுக்கு சாமான் இல்லனா எல்லாம் சுவர்ல தெறிச்சு ஒட்டிக்கும், ஒரு ஆளுக்கு ஒரு கிளாஸ்னு செய்யிறவங்களுக்கு தினமும் கரண்டியால வழிக்கிற வேலைதான். 5200-ல வர்ற ஒடுக்கமான உயர ஜார், பிளேடு 3 இன்ச், அதுவும் 64 அவுன்ஸ்தான், ஆனா அடி குறுகலா இருக்குறதால கொஞ்சமா போட்டாலும் பிளேடு மூழ்கிடும், கெட்டி சாமானும் நடுவுக்கே வந்து விழும். அதோட தொல்லை உயரம், 20.5 இன்ச், நிறைய வீட்டுல தட்டுக்கு கீழ நுழையாது. ஒண்ணு ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு எக்ஸ்ப்ளோரியன் இ310-ஐ தைரியமா சொல்லுவேன், 48 அவுன்ஸ் ஜார், அதே 3 இன்ச் பிளேடு, உயரமும் அடக்கம், ஆட்டோ புரோகிராம் கிடையாது, ஒரு டயலும் ரெண்டு ஸ்விட்சும்தான். அசென்ட்ல டைமர், புரோகிராம் எல்லாம் இருக்கு (புரோகிராம் ஏ3300-ல இல்ல, ஏ3500-ல அஞ்சு இருக்கு), ஜார் சரியா உக்காரலைனா ஓடாத மாதிரி சென்சாரும் இருக்கு, ஆனா அந்த சென்சாராலயே 5200 மாதிரி பழைய விட்டாமிக்ஸ் மாடலோட ஜார் எதுவும் அதுல பொருந்தாது, ஏற்கனவே ஜார் வச்சிருக்கவங்க யோசிச்சுக்கோங்க.

சூப்பு பத்தி ஒரு வார்த்தை. அடுப்பே இல்லாம பச்சையா போட்டு ஃபுல் ஸ்பீடுல அஞ்சாறு நிமிஷம் ஓட்டினா ஆவி பறக்குற சூடு வந்துடும், உள்ள ஹீட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் உராய்வுதான். விட்டாமிக்ஸ் 1969-லயே 3600 மாடல்ல இதை கொண்டு வந்துட்டாங்க. இதே சூடு கொட்டை வெண்ணெய்ல எதிரியாயிடும், எண்ணெய் விட்டு ஓட ஆரம்பிச்ச உடனே நிறுத்திடணும்.

மோட்டார் சூடாகி நின்னு போச்சுனு நிறைய பேர் பயந்துடுறாங்க. கெட்டியா இருக்கேனு மெதுவா ஸ்லோ ஸ்பீடுல ஓட்டுறதுதான் பெரும்பாலும் காரணம். மோட்டாரை குளிர வைக்கிற ஃபேன் அதே தண்டுலதான் இருக்கு, வேகம் குறைஞ்சா காத்தும் குறையும், லோடு மட்டும் அப்படியே இருக்கும், சூடு ஏறிடும். அதனால கெட்டி சாமானை ஹை ஸ்பீடுக்கு கொண்டு போய் டாம்பரால தள்ளி சீக்கிரம் முடிக்கிறதுதான் மோட்டாருக்கு நல்லது. நின்னுட்டா பிளக்கை எடுத்துட்டு முக்கால் மணி நேரம் விடுங்க, உள்ள இருக்குற தெர்மல் கட் தானா திரும்ப சேர்ந்துடும்.

சத்தம் மூணுலயும் அதிகம், பக்கத்துல நின்னு பேச முடியாது, இதுக்காக ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு போக வேண்டிய அளவு வித்தியாசம் இல்ல. கழுவுறதும் விட்டாமிக்ஸ், பிளெண்ட்டெக் ரெண்டுலயும் ஒரே கதை, வெதுவெதுப்பான தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு ஒரு நிமிஷம் ஓட்டினா முடிஞ்சுது. நிஞ்சாவுல அந்த தண்டை கையால கழுவணும், மெதுவா.

வாரன்டிதான் விலை வித்தியாசத்துக்கு உண்மையான பதில். நிஞ்சாவோட சாதாரண மாடலுக்கு 1 வருஷம், 5200-க்கு 7, பிளெண்ட்டெக் 575-க்கு 8, அசென்டுக்கு 10. தினமும் ஓட்டுற வீட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு விழுதுனு வகுத்து பாருங்க, விலை கூட இருக்குறது பல நேரம் மலிவா தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை ஐஸ் போட்டு ஜூஸ் அடிக்கிறதுதான் வேலைனா நிஞ்சாவே போதும், மேல போறது வீண் செலவு. காலையில அவசரமா பட்டனை அமுக்கிட்டு வேற வேலை பார்க்கணும், கெட்டி ஐட்டம் பக்கமே போக மாட்டேன்னா பிளெண்ட்டெக். மத்த எல்லாருக்கும், முக்கியமா கொட்டை வெண்ணெய், கெட்டியான டிப், உறைஞ்ச பழம்னு ஆசை இருக்கறவங்களுக்கு என் ஓட்டு ஒடுக்கமான ஜார் இருக்குற விட்டாமிக்ஸுக்கு.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவங்க ஜாரோட பிளேடு அடியில இருக்குற தேதியை பார்த்து வாங்குங்க. 2016 அக்டோபருக்கு முந்தின விட்டாமிக்ஸ் பிளேடு செட்டுல சீல்ல இருந்து சின்ன கருப்பு துகள் உதிருதுனு அமெரிக்காவுல வழக்கு நடந்து செட்டில்மென்ட் ஆச்சு. மோட்டார் நல்லா இருந்து ஜார் மட்டும் பழசுனா விலையை குறைச்சு பேசி வாங்கிட்டு, புது ஜார் ஒண்ணு தனியா போட்டுக்கோங்க.