தொண்டையில் ஆறாத புண்: மருந்தை நிறுத்திப் பார்ப்பதா, கீமோ தொடங்குவதா?

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் (நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) போடுபவருக்கு டான்சிலில் புண். ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் 'லிம்போமா' (நிணநீர்ப் புற்றுநோய்) என்று கண்டதும் சென்னையில் எந்தக் குடும்பமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் ஓடும். கீமோவுக்கு நாள் குறிக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இது எப்ஸ்டைன்-பார் வைரஸ் சளிச்சவ்வுப் புண்ணா, அதே வைரஸ் உள்ள பெரிய பி-செல் (ஒருவகை வெள்ளணு) லிம்போமாவா? 2010-ல் தனி நோயாக விவரிக்கப்பட்ட முன்னது, மருந்தாலோ முதுமையாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது; பெரும்பாலும் கீமோ இல்லாமலே ஆறும். பின்னதில் தாமதம் ஆபத்து.

மைக்ராஸ்கோப் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். இரண்டிலும் பெரிய செல்கள், இரண்டிலும் சிடி30 என்ற செல் அடையாளப் புரதம் வரலாம். ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு வகை லிம்போமா போலக்கூடத் தெரியும். வித்தியாசம் புண்ணின் அமைப்பில் இருக்கிறது. சளிச்சவ்வுப் புண் என்றால் ஒற்றையாக, ஓரம் தெளிவாக, ஆழமில்லாமல் இருக்கும். அடியில் டி-செல்கள் (இன்னொரு வகை வெள்ளணுக்கள்) பட்டைபோல் திரண்டிருக்கும். கட்டியாகத் திரண்டு ஆழமாக ஊடுருவி, பெட் ஸ்கேனில் வேறு இடங்களும் தெரிந்தால் லிம்போமா பக்கம் சாயும்.

ரத்தத்தில் வைரஸ் ஆன்டிபாடி பார்ப்பது வீண் செலவு: பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அது இருக்கும். திசுவிலேயே, செல்லுக்குள் வைரஸ் இருப்பதைக் காட்டும் 'ஈபர்' சோதனை செய்ய வேண்டும். ரத்த பிசிஆரில் (வைரஸின் மரபணுவை அளக்கும் சோதனை) வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் 'வெறும் புண்' என்ற முடிவைச் சந்தேகியுங்கள். பயாப்சியை ஓரத்திலிருந்து ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்தால் அழுகிய திசுதான் வரும். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் செல்கள் கரைந்து, ரிப்போர்ட் குழம்பும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவரிடம் வழக்கமான வாய், தொண்டைப் புற்றுநோயையும், எல்லாரிடமும் காசநோயையும் அதே திசுவில் விலக்க வேண்டும்.

புண் என்று உறுதியானால், எங்கள் தேர்வு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதுதான். சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து படம் எடுத்து வையுங்கள். மூட்டுவலி திரும்பும், அதற்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசதியோபிரினுக்கு மாறினால் பிரச்சினை தொடரலாம். மூட்டு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். சிறுநீரகம் மாற்றியவர் தானாக எந்த மருந்தையும் நிறுத்தவே கூடாது. மாற்றிய உறுப்பை உடல் நிராகரித்துவிடலாம்.

முதுமையால் மட்டும் வந்தவருக்கு நிறுத்த மருந்தே இல்லை. ஆறாவிட்டால், செல்களில் சிடி20 என்ற புரதம் இருக்கும்போது அதைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி: சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்றாக நான்கு. முதல் டோசுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். மறைந்திருக்கும் அந்த ஹெபடைட்டிஸ் வைரஸ் விழித்தால் கல்லீரல் போய்விடலாம். ஓரிடப் புண்ணுக்குக் கதிர்வீச்சும் உண்டு.