எட்டு ஆண்டுகளில் இரண்டு முறை: எங்கள் காபி மேக்கரின் சூட்டுத் தட்டு ஏன் கெட்டது?

2016ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம் வாங்கிய மின்சார காபி மேக்கர் ஒன்று, எட்டு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் தாம்பரம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் இரு வேளை ஓடிக்கொண்டிருக்கிறது. 600 வாட் மின்திறன், ஒரு கண்ணாடிக் குடுவை, துணியோ தாளோ தேவைப்படாத வலை வடிகட்டி, ஒரே ஒரு சிவப்பு சுவிட்ச் என்று மிக எளிய அமைப்புக் கொண்டது. குடுவை ஒரு முறை கை தவறி உடைந்தது. சுவிட்ச் இன்றுவரை கெடவில்லை. ஆனால் குடுவை உட்காரும் சூட்டுத் தட்டு இரண்டு முறை பழுதானது. இரண்டு முறையும் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்த பிறகு, இயந்திரத்தின் தரத்தைவிட, எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் காபி குடிக்கும் வழக்கமே அந்தத் தட்டை அதிகம் வதைத்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

அத்தை ஐந்தரை மணிக்குக் குடிப்பார். மாமா நடைப்பயிற்சி முடித்து ஏழு மணிக்கு வருவார். கணவர் குளித்த பிறகுதான் குடிப்பார். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு எட்டரைக்கு வேண்டும். ஐந்து மணிக்கு இறக்கிய டிகாஷன் எட்டரை வரை சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக, சுவிட்சை அணைக்காமல் குடுவையைத் தட்டின் மேலேயே விட்டுவைப்போம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தட்டு சூடாகவே இருந்தது.

தட்டுக்கென்று தனியாக ஹீட்டர் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. தட்டின் அடியில் குதிரை லாட வடிவத்தில் ஓர் அலுமினியக் குழல் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் சூடேற்றும் கம்பியும், அதையொட்டி மறுபக்கம் தண்ணீர் செல்லும் பாதையும் அமைந்திருக்கின்றன. தொட்டியிலிருந்து ஒருவழி வால்வு வழியாக இறங்கும் தண்ணீர் அங்கே கொதித்து, நீராவிக் குமிழிகளால் உந்தப்பட்டு மேலேறிக் காபிப்பொடியின் மீது விழுகிறது. தண்ணீர் இருக்கும்வரை அந்த அலுமினியத்தின் சூடு கட்டுக்குள் இருக்கும். தண்ணீர் தீர்ந்ததும் வெப்பம் முழுவதும் தட்டுக்கு ஏறும்; அப்போது தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். விடியற்காலை அமைதியில் கேட்கும் அந்த ‘டிக்’ ஓசை அதுதான். ஆகவே டிகாஷன் இறக்குவதும் தட்டைச் சூடாக வைத்திருப்பதும் ஒரே கம்பியின் வேலை. அது போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

முதல் பழுது மூன்றாம் ஆண்டில் வந்தது. தட்டின் மேலிருந்த கறுப்புப் பூச்சு, குடுவையின் விளிம்பு உட்காரும் வட்டத்தில் உரிந்து, அடியிலிருந்த இரும்பில் துரு பிடித்தது. டிகாஷன் முழுவதும் இறங்கி முடியும் முன்பே அவசரத்தில் குடுவையை உருவும்போதெல்லாம் இரண்டு மூன்று சொட்டுகள் சூடான தட்டில் விழுந்து சீறும். அப்போது நாங்கள் 60க்கு 40 என்ற கணக்கில் சிக்கரி கலந்த பொடி வாங்கிக்கொண்டிருந்தோம். சிக்கரியில் இனுலின் என்னும் நார்ச்சத்தும் சர்க்கரையும் அதிகம். சூட்டில் அது பாகுபோல இறுகி, பிசின்போல ஒட்டிக்கொள்கிறது. அதைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரால் நான் தேய்த்தேன். பூச்சை உரித்தது என் கைதான். (நம் நாட்டு உணவு விதிப்படி சிக்கரி கலந்த பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டின் பின்புறம் அளவைப் பார்த்து வாங்குங்கள்.) 80க்கு 20 பொடிக்கு மாறிய பிறகு அந்த ஒட்டும் கறை கண்கூடாகக் குறைந்தது. விழுந்த சொட்டை, தட்டு ஆறியதும் ஈரத்துணியால் அன்றன்றே துடைத்துவிட்டால் நார் தேவைப்படுவதே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த இயந்திரம் குடுவை நிறைய, 600 மில்லி அளவுக்கு, நீர்த்த காபி இறக்கி அப்படியே ஊற்றிக் குடிப்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. நாம் அதில் இறக்குவதோ 150 மில்லி கெட்டி டிகாஷன். அவ்வளவு சிறிய அளவு மூன்று மணி நேரம் தட்டின் மேல் இருந்தால், நீர் வற்றி, குடுவையின் அடியில் விளிம்போடு பழுப்பு நிறத்தில் ஒரு வளையமாகக் காய்ந்து போகும்.

இரண்டாம் பழுதுதான் பெரியது. 2021ஆம் ஆண்டில் இறக்கும் நேரம் மெல்ல மெல்லக் கூடியது. ஏழு நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. தண்ணீரைவிட நீராவியும் உறுமலுமே அதிகமாக வந்தன. எங்கள் குடியிருப்பில் வருவது போர் தண்ணீர். புதிய பக்கெட்டில்கூட ஒரே மாதத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஒரு நாள் காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது, தட்டு சில்லென்று இருந்தது.

பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில், ‘வோல்டேஜ் ஏறி இறங்கியதால் போயிருக்கும்’ என்றார்கள். பிறகு, ‘ப்யூஸ் போயிருக்கும்மா, அதை எடுத்துட்டு நேரா ஜாயிண்ட் போட்டுடலாம், நல்லா ஓடும்’ என்றார் அங்கிருந்த மெக்கானிக். நான் சம்மதிக்காமல் திரும்ப எடுத்து வந்தேன். இந்த ஒரு விஷயத்தில் யாரும் இணங்கவே கூடாது. அந்தத் தெர்மல் ப்யூஸ், தட்டு அளவுக்கு மீறிக் காய்ந்தால் தன்னை இழந்து மின்சாரத்தை நிரந்தரமாகத் துண்டிக்கும் கடைசிக் காவல். அதை நீக்கிவிட்டால், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் அன்று பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம்.

எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் தம்பி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பாகத்தைத் திறந்தான். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் சூடேற்றும் கம்பி 88 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 600 வாட்டுக்கு வர வேண்டிய அளவு அதுவே. ஆகவே கம்பி நலமாக இருந்தது. ப்யூஸில் தொடர்பு இல்லை. தெர்மோஸ்டாட்டோ சூட்டிலும் மின்சாரத்தைத் துண்டிக்காமல் இணைந்த நிலையிலேயே ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர்ப் பாதையின் வாயில் முட்டை ஓடுபோல வெள்ளையாக உப்பு படிந்து, பென்சில் முனைகூட நுழையாதபடி குறுகியிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்பது அப்போது விளங்கியது. கால்சியம் படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் மறிக்கிறது. அந்த வெப்பம் அலுமினியத்திலேயே தங்குவதால், இறக்கும் நேரத்திலும் தெர்மோஸ்டாட் துண்டித்துத் துண்டித்து இணைக்க வேண்டியதாகிறது. அதன்பின் மூன்று மணி நேரச் சூடு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 90 முறை, ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 முறை. இத்தகைய சிறிய தெர்மோஸ்டாட்டுகள் பலவும் ஒரு லட்சம் முறை இயங்கும் என்ற கணக்கிலேயே தயாராகின்றன. எங்களுடையது ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே பெரிது. வோல்டேஜைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ப்யூஸையும் தெர்மோஸ்டாட்டையும் அதே அளவில் வாங்கி மாற்றினோம். ப்யூஸை ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது, அந்தச் சூட்டிலேயே அது போய்விடும் என்று சொல்லி, தம்பி உலோகக் குழாய்க்குள் செருகி அழுத்தி இணைத்தான். காய்ந்து பொடியாகியிருந்த, வெப்பத்தைக் கடத்தும் வெள்ளைப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினான்.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினோம். ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறோம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, பாதி இறங்கியதும் அணைத்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, மீதியையும் ஓட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுகிறோம். டிகாஷன் இறங்கியதும் சுவிட்சை அணைத்துச் சிறிய ஸ்டீல் பிளாஸ்க்கில் ஊற்றிவிடுகிறோம்.

இந்தக் கடைசி மாற்றத்துக்கு அத்தைதான் காரணம். ‘அஞ்சு மணிக்குப் போட்டதையா இவங்களுக்கு எட்டரைக்குக் கொடுக்கிறே? நாக்கு ஓரத்துல இழுக்குதேம்மா’ என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நாக்கு சொன்னது உண்மை. சூட்டிலேயே கிடக்கும் காபியில் குளோரோஜெனிக் அமிலமும் அதிலிருந்து உருவான பொருள்களும் சிதைந்து குயினிக் அமிலம் கூடுகிறது. புளிப்பும் துவர்ப்பும் அதனால் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் விற்பனைக்கு வரும் இத்தகைய வீட்டு இயந்திரங்கள், சாதாரணக் குடுவை என்றால் இறக்கி முடிந்த 40 நிமிடத்துக்குள்ளும், வெப்பம் காக்கும் குடுவை என்றால் 5 நிமிடத்துக்குள்ளும் தாமாக அணைய வேண்டும் என்பது விதி. எங்கள் இயந்திரத்தில் அந்த வசதி இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க வந்த விதி, காபியின் ருசியையும் சேர்த்தே காக்கிறது.

உண்மையில் நம் முறைக்குத் தட்டின் சூடே தேவையில்லை. டிகாஷன் ஆறியிருந்தாலும், பொங்கக் காய்ந்த பாலை ஊற்றினால் காபி சூடாகிவிடும். என் அம்மா வீட்டில் பித்தளை பில்டரின் கீழ்ப் பாத்திரத்தைக் கொதிநீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். அடுப்பின் மேல் நேராக ஒருபோதும் வைத்ததில்லை.

ருசியைப் பொறுத்தவரை, நிதானமாகச் சொட்டும் பில்டரின் கெட்டித்தன்மையை இந்த இயந்திரம் எட்டவில்லை. விருந்தினர் வரும் நாளில் நான் பில்டரைத்தான் எடுக்கிறேன். ஆனால் அலுவலக நாள் காலையில் ஏழு நிமிடத்தில் டிகாஷன் தரும் இதை விட மனமில்லை. ப்யூஸையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. தட்டில் பூச்சு உரிந்த வட்டம் அப்படியே இருக்கிறது, துரு பரவவில்லை. அடுத்து வாங்கும்போது சூட்டுத் தட்டே இல்லாத, ஸ்டீல் பிளாஸ்க் குடுவையோடு வரும் இயந்திரத்தைத்தான் தேடுவேன்.