பியானோவிலிருந்து ஓர்கனுக்கு: மூன்று வருட அனுபவம்

திருகோணமலையில் ஓர்கன் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண மேடையில் வைக்கும் கீபோர்ட்தான். நான் சொல்வது தேவாலய ஓர்கன்: கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு 32 பெடல்கள். எங்கள் தேவாலயத்தில் இருப்பது குழாய் ஓர்கன் அல்ல, குழாயின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகத் தரும் பழைய எலெக்ட்ரோனிக் ஓர்கன். பன்னிரண்டு வருடம் பியானோ வாசித்துவிட்டு, 38 வயதில் அதன் வாங்கில் ஏறினேன்.

பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை அடிக்கும், ஓசை தானாகத் தேயும். ஓர்கனில் விரல் இருக்கும்வரை ஓசை அப்படியே நிற்கும், எடுத்தவுடன் அறுந்துவிடும். என் ஓர்கனில் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் சத்தம் ஒன்றுதான். கூட்டிக் குறைக்க காலால் தள்ளும் தனிப் பலகை உண்டு. ஓசையை நீட்டிப் பிடிக்கும் பியானோவின் வலது பெடலை நம்பிப் பழகிய எனக்கு, ஓசைகளை ஒட்டவைக்க இப்போது விரல்கள் மட்டுமே மிச்சம். நாலாம் விரல் பிடித்த கட்டையை, ஓசை அறாமல் ஐந்தாம் விரலுக்குக் கைமாற்ற வேண்டும். முதல் இரண்டு மாதமும் இந்த விரல் மாற்றத்திலேயே போனது.

எந்த ஓசை வர வேண்டும் என்று தெரிவுசெய்யும் ஸ்டொப்புகள் பயமுறுத்தவில்லை. அவற்றில் 8 அடி என்று எழுதியது பியானோவின் சுருதியிலேயே ஒலிக்கும், 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே. ஒரு பின்னேரத்தில் பிடிபட்டது.

இடது கைதான் என்னை அழவைத்தது. ஞானப்பாட்டின் நான்கு குரல்களில் கீழுள்ள இரண்டான டெனரையும், அதற்கும் கீழான பேஸையும் பியானோவில் இடது கைதான் வாசிக்கும். ஓர்கனில் பேஸ் காலுக்குப் போய்விடும், இடது கைக்கு டெனர் மட்டும். ஆனால் சின்ன விரல் கேட்காது, பழைய பேஸைத் தேடிக் கீழே ஓடும். அது ஓட, காலும் தடுமாறும். வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையையும் காலையும் மட்டும் மெட்ரோனோமின் மெதுவான தாளத்தில், நிமிடத்துக்கு 50 தட்டில், வைத்துப் பழகினேன். ஐந்து மாதம் பிடித்தது. குறுக்கு வழி இருப்பதாக நான் நம்பவில்லை.

காலைக் குனிந்து பார்க்கக் கூடாது. கறுப்புப் பெடல்கள் இரண்டும் மூன்றுமாகத்தான் நிற்கும், நடுவில் இடைவெளி. பெருவிரல் பக்கத்தால் அந்த இடைவெளியைத் தடவினால் இடம் தெரியும். ரப்பர் அடி போட்ட சப்பாத்து பெடலில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தோல் அடியும் சின்னக் குதியும் உள்ள பழைய சப்பாத்து ஒன்றுதான் எனக்குச் சரிவந்தது. வீட்டில் பெடல் இல்லாததால் சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டுப் பழகினேன். இடைவெளியின் பரிச்சயத்துக்கு உதவியது, உண்மையான பெடலுக்கு ஈடில்லை.

பியானோவுக்குக் கரண்ட் வேண்டாம், இதற்கு வேண்டும். 2022 மின்வெட்டு நாட்களில் ஒத்திகையை மின்வெட்டு அட்டவணைதான் தீர்மானித்தது. மாரிகாலம் வந்தால் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே இருக்கும் மின் தொடுமுனைகளைக் கெடுக்கும். ஒருமுறை ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஒரு பெடல் ஊமையாகிப்போனது. அன்றுமுதல் சனிக்கிழமையே எல்லாப் பெடலையும் ஒருதரம் மிதித்துப் பார்த்துவிடுவேன்.

எனக்குச் சொல்லித்தந்த மாஸ்டர் விரலைவிட, பாட்டின் அடிகளை நான் முடிக்கும் விதத்தைத்தான் அதிகம் திருத்தினார். நான் பாட்டின் ஒரு அடியின் கடைசிச் சுரத்தை முழு எண்ணிக்கையும் பிடித்துவிட்டு நேரே அடுத்த அடிக்குப் போய்விடுவேன். "பிள்ளை, சனம் மூச்சு எடுக்க வேணும், கையை எடு" என்பார். இப்போது ஒரு எண்ணிக்கை முன்னதாகவே கையையும் காலையும் ஒன்றாக எடுக்கிறேன். அந்தச் சின்ன மௌனத்தில் சபை மூச்சிழுப்பது முன்வரிசையிலிருந்து கேட்கும். பியானோவில் பன்னிரண்டு வருடம் அழுத்துவதைத்தான் கவனித்தேன், விடுவதைக் கவனித்ததே இல்லை.

மாற நினைப்பவர்கள் பியானோவை நிறுத்த வேண்டாம். முதல் வருடம் நான் அதைத் தொடாமல் விட்டதில், மெல்லவும் ஓங்கியும் வாசிக்கும் அழுத்த வேறுபாடு விரலில் மங்கிவிட்டது. இப்போது தினமும் அரை மணி நேரம் வீட்டில் பியானோ, கிழமையில் மூன்று பின்னேரம் தேவாலயத்தில் ஓர்கன்.