காலிபர் ரப்பர் கிட்: வாங்கலாம், கூட வரும் கிரீஸைத் தவிர

பைக்கின் முன் டிஸ்க் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது, வண்டியைத் தள்ளினால் சக்கரம் கனமாக உருள்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "காலிபரையே மாத்திருவோம்ணே" என்று சொல்லிவிடுவார்கள். காலிபர் என்பது, உள்ளிருக்கும் பிஸ்டனால் பேடுகளைத் தள்ளி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி. சம்மதிக்கும் முன் பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன் பக்கத்துப் பேட் தகடு வரை தேய்ந்து, எதிர்ப்பக்கம் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால், பெரும்பாலும் சிக்கல் காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின்களில்தான். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் வெடித்து, புழுதியும் மழைத்தண்ணீரும் உள்ளே போய், அந்தப் பின் துருவோடு இறுகியிருக்கும். மேலூர் பக்கம் கல் தூசியிலேயே ஓடும் வண்டிகளில் இது சீக்கிரமே வரும்.

இதற்கென்றே மதுரைப் பார்ட்ஸ் கடைகளில் சின்ன பாக்கெட்டில் கிட் கிடைக்கிறது. இரண்டு பூட், ஒரு சிட்டிகை கிரீஸ். பெரிய கிட்டில் ஆயிலைத் தடுக்கும் பிஸ்டன் சீலும் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலும் சேர்ந்து வரும். புதுக் காலிபர் விலையில் இது ஒரு சிறு பங்குதான். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலிலேயே காலிபர் மாறியிருக்கலாம். பழைய ரப்பர் பூட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். விரலால் நசுக்கிவிட்டால் புதுப் பூட் சட்டென்று விரிய வேண்டும். மடிப்பில் பிசிறு நின்றால் அந்தப் பாக்கெட் வேண்டாம்.

கிரீஸில்தான் ஏமாற்றம். என்ன கிரீஸ் என்று பாக்கெட்டில் எழுதாவிட்டால் தூக்கிப் போடுங்கள். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். புதுப் பூட் போட்டும் ஸ்லைடு பின் திரும்பச் சிக்கும். பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸைத் தனியாக வாங்குங்கள்.

காலிபர் வண்டியில் இருக்கும்போதே பேடுகளைப் பிடித்திருக்கும் பேட் பின்னைத் தளர்த்திவிடுங்கள், கழற்றியபின் பிடிமானம் இருக்காது. கழற்றிய காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். அந்த நேரம் லிவரை யாரும் அழுத்தக் கூடாது. ஸ்லைடு பின்களை நைஸ் எமரி சீட்டால் தேய்த்து, அவை நுழையும் ஓட்டையைத் துணியால் துடையுங்கள். பெட்ரோல், டீசல் வேண்டாம். சில காலிபர்களில் இரண்டு பின்னும் ஒன்றுபோல இருக்காது, எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். அள்ளி அப்பினால் காற்று அடைபட்டு ஸ்லைடு பின் முழுதாக உள்ளே போகாது.

புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மேலேறும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மாட்டியபின் லிவர் கெட்டியாகும் வரை அழுத்தி அழுத்தி விட்டபிறகே வண்டியை நகர்த்துங்கள்.

பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசிந்தால்தான் பெரிய கிட் தேவை. சீல் மாற்றினால் ஏர் எடுத்தே, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். வண்டிக்கு டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் என்றால், அன்றைக்குச் சீல் பிரித்த பாட்டிலையே ஊற்றுங்கள். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் அது, ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே தரத்தில் தேறிவிடும். கொடைக்கானல் இறக்கத்தில் லிவர் பொதபொதவென்று போவதற்குப் பழைய ஆயில் ஒரு காரணம். பிஸ்டனில் துருப் பள்ளம் நகத்தில் தட்டினால் எந்த சீலும் நிற்காது, அங்கே மட்டும் பிஸ்டனையோ காலிபரையோ மாற்றுங்கள்.