ஆர்க்கிஸ் மோரியோவா, அனகாம்ப்டிஸ் மோரியோவா?

ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் இந்தக் காட்டு ஆர்க்கிட்டுக்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் ஆர்க்கிஸ் மோரியோ. 1997இல் பேட்மன், பிரிட்ஜன், சேஸ் ஆகிய தாவரவியலாளர்கள் மூவரும் அதை அனகாம்ப்டிஸ் மோரியோ என மாற்றினர். ஊதாப் பூவின் முக்காட்டில் பச்சை நரம்புகள் ஓட, மண்ணுக்கடியில் இரட்டைக் கிழங்கு உருண்டிருக்கும் இச்செடிக்குப் பழைய பெயரே பொருத்தமாகத் தோன்றும். ஆணின் விரையைக் குறிக்கும் ‘ஆர்க்கிஸ்’ என்ற கிரேக்கச் சொல் கிழங்கின் வடிவத்தைப் பார்த்து வைத்ததுதானே! ஆனால் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, இது ஆர்க்கிஸ் மாஸ்குலா என்ற ஆர்க்கிட்டைவிட அனகாம்ப்டிஸ் பிரமிடாலிஸ் என்ற ஆர்க்கிட்டுக்கே நெருங்கிய உறவு எனத் தெரிந்தது. குரோமோசோம்களும் மாஸ்குலாவைப் போல 42 அல்ல, 36. பழைய கள நூல்களைப் புரட்டுவோருக்கு முந்தைய பெயர் இன்னும் தேவைப்படும். எனினும், பேரினம் (பெயரின் முதல் சொல் சுட்டும் குழு) என்பது ஒரே மூதாதையின் வழிவந்தவற்றை மட்டுமே சேர்த்துக் குறிக்க வேண்டுமெனில், பிந்தையதே சரியானது. மோரியோ என்ற சிற்றினப் பெயரை, முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்ற முந்துரிமை விதி காப்பதால், அது மட்டும் இரண்டிலும் மாறாமல் நிற்கிறது.