மாம்பழ வியாபாரத்துக்கு இணையதளம்: யாரை எழுதச் சொல்லலாம்?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை, மண்டி, பெட்டி போட்டு ஊர் ஊராகப் பழம் அனுப்புகிறவர்கள், சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகள் என்று மாம்பழத்தை நம்பிய தொழில்கள் ஏராளம். இணையதளம் வேண்டும் என்று முடிவானதும் வரும் கேள்வி, அதில் என்ன எழுதுவது, யார் எழுதுவது என்பதுதான். காசுக்கு எழுதித் தரும் ஏஜென்சி, ஏஐ, முதலாளியே எழுதுவது என மூன்று வழி இருக்கிறது.

ஏஜென்சியிடம் கொடுத்தால் எழுத்து சுத்தமாக வரும். தலைப்பு, கூகுள் தேடலுக்கான சொற்கள் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எழுதுகிறவர் மண்டிப் பக்கமே வராதவராக இருந்தால் "தரமான, சுவையான மாம்பழங்கள்" என்பதைத் தாண்டமாட்டார். பாதிப் பழி நம் மேல்தான். பழைய நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து "நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க" என்றால் அவர் என்ன செய்வார்? முன்பணம் கொடுக்கும் முன் பெங்களூரா ரக மாம்பழம் பற்றி ஒரு பக்கம் மாதிரிக்குக் கேளுங்கள். அதில் பெங்களூராவை எடுத்துவிட்டுக் கொய்யா என்று போட்டாலும் பொருந்தினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏஐ நிமிடத்தில் எழுதித் தரும், செலவும் குறைவு. ஆனால் நம்மிடம் இல்லாத சான்றிதழையும் இருப்பதாகக் கூசாமல் எழுதிவிடும். ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒரு பக்கத்தை ஒதுக்குவதில்லை. ஆனால் தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாகப் பக்கங்களைக் கொட்டுவதை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் ஓசூர், பாலக்கோடு, அரூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை போடும் வேலை வேண்டாம்.

முதலாளியே எழுதுவதில் என் சாய்வு அதிகம். காரணம், போனில் வாடிக்கையாளர் கேட்பது என்ன என்று அவருக்குத்தான் தெரியும். "கல்லு வச்சுப் பழுத்ததா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கல், அதாவது கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைக்க நாட்டில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. தன் கிடங்கில் எப்படிப் பழுக்கிறது, பெட்டி வந்து சேரும்போது பழம் எந்தப் பதத்தில் இருக்கும், எத்தனை நாளில் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவர் தன் பேச்சிலேயே, நாலு போட்டோவோடு எழுதினால் போதும், ஆர்டர் வரும். செந்தூரா ரகம் முன்னால் வரும், நீலம் ரகம் கடைசியில் வரும் என்று ஒரு சீசன் பட்டியலும் போடலாம். அப்புறம் ஜூனில் வந்து "இன்னும் செந்தூரா இருக்கா?" என்று கேட்கிறவர்கள் குறைவார்கள்.

சிக்கல் இல்லாமல் இல்லை. தாத்தா காலத்துக் கதையில் ஆரம்பித்துத் திறப்பு விழாப் படத்தில் முடித்துவிடுவார்கள். விலையும் டெலிவரி விவரமும் எங்கோ அடியில் கிடக்கும். சீசனில் உட்கார்ந்து எழுதவும் நேரம் இருக்காது.

கூழ் ஏற்றுமதி செய்கிறவருக்குக் கணக்கே வேறு. வெளிநாட்டு வாங்குபவருக்குக் கதை வேண்டாம். பிரிக்ஸ் (கூழின் சர்க்கரை அளவைக் காட்டும் எண்), அமிலத்தன்மை, டிரம் எடை, சான்றிதழ் எல்லாம் ஒரே பக்கத்தில் அட்டவணையாக வேண்டும். பெங்களூராக் கூழுக்கு வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்சம் 14 பிரிக்ஸ், அல்போன்சாவுக்கு 16. ஆங்கிலமும் பிசகக் கூடாது. இதற்கு ஏஜென்சிதான் சரி, எண்களை மட்டும் ஆலையின் லேப் ஆள் சரிபார்க்க வேண்டும்.

பெட்டி வியாபாரிக்கும் நாற்றுப் பண்ணைக்கும் கலவை வழிதான் கட்டுப்படியாகும். முதலாளி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசட்டும், ஏஐ அதை எழுத்தாக்கட்டும், வீட்டில் படித்த பிள்ளை யாராவது திருத்தட்டும். ஏற்றுவதற்கு முன் முதலாளி ஒருமுறை வாசித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஆடியில், சீசன் ஓய்ந்ததும் தொடங்கினால் அடுத்த சித்திரைக்குள் கூகுளுக்கும் அந்தப் பக்கங்கள் பழகியிருக்கும்.