அட்டன் பக்கம் ஒரு துரை பங்களா விடுதி: தேநீருக்கு முழு மதிப்பெண், தோட்டத்துக்குப் பாதி

இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டமொன்றின் நடுவில் நிற்கும், தோட்ட மேலாளரான துரை குடியிருந்த பழைய பங்களாவைப் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறார்கள். பலகைத் தரையும் மாலையில் மூட்டப்படும் கணப்பும் அப்படியே இருக்கின்றன. அறைகள் துப்புரவானவை, ரொட்டியும் கட்டைச் சம்பலும் தாராளமாகக் கிடைக்கின்றன. காலையில் வெந்நீர் வரச் சற்றுத் தாமதமாகிறது என்பதைத் தவிரத் தங்குமிடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை.

கட்டணத்திலேயே சேர்ந்துள்ள தேயிலை ஆலைச் சுற்றுலாவை இவ்விடுதியின் சிறந்த பகுதி என்பேன். மேல்தளத்தில் நீண்ட தொட்டிகளில் பரப்பிய கொழுந்துக்கு அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, இரவு முழுவதும் வாட வைக்கிறார்கள். வாடிய இலையொன்றைக் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார்கள். பச்சைக் காம்பு போல முறியாமல் அது துணி போல மடிந்தது. அந்தப் பதம் வந்த பின்னர்தான் கீழே உருளைகளுக்கு அனுப்புவார்களாம். அரைபட்ட இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறத்துக்கு மாறுவதையும், சூட்டில் உலர்ந்து கறுப்பதையும், சல்லடைகளில் துகளின் அளவைப் பொறுத்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தரங்களாகப் பிரிவதையும் அவசரப்படுத்தாமல் காட்டினார்கள். ஒவ்வொரு தரத்தையும் பாலின்றிச் சுவைத்துப் பார்க்கவும் விட்டார்கள்.

ஆனால் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு 'பிளான்டேஷன் உலா' என்ற பெயரில் அழைத்துச் செல்வது அத்தனை நிறைவாக இல்லை. மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலைச் செடியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, மாரியம்மன் கோயில், துரை, வேலையை மேற்பார்க்கும் கங்காணி எல்லாம் சேர்ந்ததே தோட்டம்; “எந்தத் தோட்டம்?” என்று கேட்டால் சொந்த ஊரைக் கேட்பதாகவே பொருள். உலாவில் கேட்ட வரலாறோ, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதில் தொடங்கி நேரே ஏற்றுமதிக்குத் தாவிவிட்டது. அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களைப் பற்றியோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழிவந்தவர்களை நாடற்றவர்களாக்கியது பற்றியோ ஒரு வரிகூட இல்லை. லயத்தைக் கடந்தபோது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று என் மகள் கேட்டாள். வழிகாட்டி புன்னகைத்துவிட்டு அடுத்த காட்சிமுனையைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடம் அவ்வளவுதான்.

உலாவின் முடிவில் விருந்தினருக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுக்கிறார்கள். நூறடி தள்ளி உண்மையாகவே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் முதுகில் கூடை இல்லை, பிளாஸ்டிக் சாக்குகள் தொங்கின. நிறுவைக்கு வந்த சாக்குகளில் ஈரத்துக்கென்று சில கிலோ கழிக்கப்பட்டது. குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர் என்று வரிசையில் நின்ற ஓர் அம்மா எனக்கு விளக்கினார். அந்த உலாவில் நான் கற்றுக்கொண்டது அவரிடமிருந்துதான்.

இந்தக் குறையை ஈடுசெய்ய விரும்புவோர் திரும்பும் வழியில் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய லயத்து அறைகளிலேயே அது அமைந்திருக்கிறது.

குழந்தைகளோடு செல்வோருக்கும் தேநீர்ப் பிரியர்களுக்கும் விடுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உலாவுக்கான கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம். முன்பதிவு செய்யும்போது திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை என்பதால் மறுநாள் அங்கே ஆலை ஓடுவதில்லை.